கொழும்பிலிருந்து எட்டுப் பேர் லாங்டாங் மலைநடைக்கு: சாமான் பட்டியலுக்கு முன் நாட்கணக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து எட்டுப் பேர். இளையவருக்கு 24 வயது, மூத்தவருக்கு 51. ஒக்டோபரில் நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில், முதுகுப்பையைத் தாங்களே சுமந்து நடக்க யோசனை. ஏழு நாள் போதுமா, என்னென்ன வாங்குவது, சிவனொளிபாதமலை ஏறிய உடம்பு இதற்குக் காணுமா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். கால்களுக்கு அது நல்ல பயிற்சிதான். ஆனால் சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். இலங்கையின் ஆக உயர்ந்த பீதுருதாலகாலையே 2,524 மீற்றர். உயரத்தில் ஒட்சிசன் குறைவதால் வரும் உயரநோய் என்ற பிரச்சினை பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தலைகாட்டும். அதாவது உங்கள் எட்டுப் பேரில் யாருக்கு உயரம் ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை இந்தத் தீவுக்குள் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. நீங்கள் தங்கப்போகும் கியாஞ்சின் கோம்பா 3,870 மீற்றர். அங்கே காற்றழுத்தம் காலிமுகத்திடலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. உடற்கட்டு இதில் காப்பாற்றாது. ஜிம்முக்குப் போகும் இருபத்துநாலு வயதுப் பெடியன் வேகமாக ஏறிவிடுவதாலேயே முதலில் விழுவான், மூச்சிரைத்து மெதுவாக வரும் ஐம்பத்தொரு வயதுக்காரர் நன்றாக இருப்பார். இது மலையில் அடிக்கடி நடப்பதுதான்.

ஆகவே உங்களுக்கு முதலில் தேவை சாமான் பட்டியல் அல்ல, நாட்கணக்கு. ஏழு நாள் திட்டம் விற்கும் முகவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். காத்மண்டு 1,400 மீற்றர். ஜீப்பிலோ பஸ்ஸிலோ ஒரு முழு நாள் குலுங்கிப் போய்ச் சேரும் ஸியாப்ருபேசி 1,500 மீற்றர் அளவில். முதல் நாள் நடையில் லாமா ஹோட்டல் என்ற பெயருள்ள சிற்றூர், 2,450 அளவில். இதுவரை பயமில்லை. இரண்டாம் நாளே நேராக லாங்டாங் கிராமத்துக்கு, 3,430 மீற்றருக்கு, ஏற்றிவிடுவார்கள். ஒரே நாளில் கிட்டத்தட்ட ஆயிரம் மீற்றர். அன்றிரவுதான் தலையிடி தொடங்கும். அடுத்த நாள் அந்தத் தலையிடியோடேயே 3,870க்கு ஏறுவார்கள்.

மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிது. 3,000 மீற்றருக்கு மேல் போனபின், நித்திரை கொள்ளும் உயரம் நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் நிற்கவேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போனாலும் இரவு இறங்கிவந்து படுத்தால் அது நல்லதே. இதை வைத்து உங்களுக்கு நான் போடும் கணக்கு:

1, 2: காத்மண்டு. அனுமதிப் பத்திரம், வாடகைச் சாமான்.
3: ஸியாப்ருபேசி.
4: லாமா ஹோட்டல்.
5: கோடா தபேலா, 3,000 மீற்றர் அளவில். மத்தியானத்தோடு நடை முடிந்துவிடும். முடியட்டும்.
6: லாங்டாங் கிராமம், 3,430.
7: கியாஞ்சின் கோம்பா, 3,870.
8: கியாஞ்சினிலேயே. காலையில் கியாஞ்சின் ரி என்ற சிகரத்துப் பக்கம் இயன்றவரை ஏறி இறங்குதல்.
9: விரும்பியவர்கள் செர்க்கோ ரி. உச்சி 5,000 மீற்றருக்குச் சற்றே குறைவு. மற்றவர்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கலாம்.
10, 11: இறக்கம், ஸியாப்ருபேசி வரை.
12: காத்மண்டு.
13: சும்மா விடும் நாள்.
14: விமானம்.

பதின்மூன்றாம் நாளை யாரும் வெட்டச் சொன்னால் விடாதீர்கள். ஸியாப்ருபேசிப் பாதை மண்சரிவில் அடைபடுவது புதினமல்ல. தசைன் பண்டிகையும் செப்டெம்பர், ஒக்டோபரில்தான் வரும். அந்த வாரம் காத்மண்டுவே ஊருக்குக் கிளம்பும், பஸ்ஸில் இடம் இராது, அலுவலகங்கள் பூட்டியிருக்கும். திகதி குறிக்கமுன் அந்த வருடத்துத் தசைன் எப்போது என்று பாருங்கள். சனி, ஞாயிறுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் பதினாலு நாளுக்குப் பத்து நாள் லீவு போதும். தனியார் கம்பனியில் வருடத்துக்குக் கிடைக்கும் பதினாலு நாளுக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது, எட்டுப் பேருக்கே உரிய சிக்கல். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர்கள் பதிவுபெற்ற வழிகாட்டியோடுதான் லாங்டாங் போன்ற தேசியப் பூங்காக்களில் நடக்கவேண்டும் என்பது விதி. எனவே ஒரு வழிகாட்டி எப்படியும் வருவார். ஒருவர் போதாது. ஆறாம் நாள் இரவு ஒருவருக்கு முடியாமல்போய் இறக்கவேண்டி வந்தால் வழிகாட்டி அவரோடு போகவேண்டும். மிச்சம் ஏழு பேர் 3,430 மீற்றரில் ஆளில்லாமல் நிற்பார்கள். வழிகாட்டி ஏழு பேரோடு நின்றால் நோயாளியை யார் கொண்டுபோவது? காசு மிச்சம் பிடிக்க நினைத்து ஒரே வழிகாட்டியை எடுத்த குழுக்கள் இந்த இடத்தில்தான் மாட்டுப்படும். “சரி, எல்லாரும் மெல்ல மெல்ல மேலே போவோம், நாளைக்குச் சுகமாகிவிடும்” என்று முடிவெடுப்பார்கள். மலையில் எடுக்கக்கூடிய மிக மோசமான முடிவு அது. ஆகவே வழிகாட்டி ஒருவர், உதவி வழிகாட்டி ஒருவர். இதில் பேரம் பேசவேண்டாம்.

எட்டுப் பேரையும் கொழும்பிலேயே நான்கு சோடியாகப் பிரியுங்கள். கணவன் மனைவியை ஒரே சோடியில் போடாமல் விடுவது நல்லது. ஒருவர் இறங்கினால் மற்றவர் பாசத்தில் முடிவெடுப்பார், அல்லது இருவருமே ஒன்றை மறைப்பார்கள். சோடிக்காரரின் வேலை காலையும் மாலையும் நாலு கேள்வி கேட்பது. தலையிடி இருக்கிறதா, சாப்பாடு இறங்கியதா, இரவு நித்திரை வந்ததா, நடக்கும்போது தள்ளாடுகிறதா. “எப்படி, சுகமா?” என்று கேட்டால் நம்மாட்கள் எல்லாரும் “ஓம், பிரச்சினையில்லை” என்றுதான் சொல்வார்கள். மற்றவர்களுக்குப் பாரமாகக் கூடாது என்று தலையிடியை மறைப்பது நம்மிடம் ஊறிய பழக்கம், வயது கூடியவர்களிடம் இன்னும் அதிகம். அதனால் நேராக, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டுத் தட்டையும் பாருங்கள். வழக்கமாக இரண்டாம் முறை சோறு வாங்குபவர் அரைத் தட்டோடு எழுந்தால் அது பதிலைவிட உண்மையானது.

தலையிடியோடு ஓங்காளம், களைப்பு, தலைச்சுற்று ஏதாவது சேர்ந்தால் அதை உயரநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில், வாயு, பஸ் குலுக்கம் என்று காரணம் தேடவேண்டாம். அன்றைக்கு மேலே ஏறக்கூடாது. அதே உயரத்தில் ஒரு நாள் நின்று குறைந்தால் தொடரலாம். கூடினால் இறங்கவேண்டும். இரண்டு அறிகுறிகளுக்கு விடியும்வரை காத்திருக்கக்கூடாது. ஒன்று, நேர்கோட்டில் குதிகாலை மற்றக் கால் பெருவிரலில் தொட்டுவைத்துப் பத்து அடி நடக்கச் சொன்னால் தடுமாறுவது, அல்லது பேச்சுக் குழறுவது. இது மூளை வீங்குவதன் அடையாளம். மற்றது, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, படுத்தால் இருமல் கூடுவது. இது நுரையீரலில் நீர் கோப்பது. இரண்டிலும் மருந்து துணைக்குத்தான், வைத்தியம் இறங்குவதே. இரவானாலும் ரோச் வெளிச்சத்தில், ஆளோடு ஆளாக, 500 முதல் 1,000 மீற்றர் வரை இறக்கவேண்டும். லாங்டாங்கின் நல்ல குணம் பள்ளத்தாக்குப் பாதை ஒரேயடியாக இறங்கிக்கொண்டே போவது. இடையில் ஏறி இறங்கவேண்டிய கணவாய் எதுவும் இல்லை. முதல்முறை போகும் குழுவுக்கு இதை நான் சிபாரிசு செய்வதற்கு அதுவே பெரிய காரணம்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி ஒன்று எல்லாரும் வாங்குகிறார்கள். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சுப் பூசிய விரலிலும் பொய்க்கணக்குக் காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்று தலையிடிக்காரரை மேலே ஏற்றவேண்டாம்.

உயரநோய்க்கான அசற்றாசோலமைட் குளிசை பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். முன்தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை, ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து. இது நோயை மறைப்பதில்லை, உடம்பு உயரத்துக்குப் பழகுவதைத் துரிதப்படுத்துகிறது. விரல்நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பிரஷருக்கு நீர் போகும் குளிசை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. எடுப்பதாக இருந்தால் கொழும்பிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்து உடம்பு ஏற்கிறதா என்று அறிந்துகொள்ளுங்கள். நித்திரைக் குளிசையும் சாராயமும் மேலே வேண்டாம். இரண்டும் இரவில் மூச்சை மந்தமாக்கும்.

குழுவில் யாருக்காவது சீனி வருத்தம் இருந்தால் இன்னும் சில விஷயம். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். பையில் வைக்காமல் உள்ளுடுப்புக்கு அருகில், இரவில் உறக்கப்பைக்குள். இரத்தச் சீனி பார்க்கும் கருவியும் குளிரில் பிழையாகக் காட்டும். அதைக் கொஞ்சநேரம் அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

சரி, இனிச் சாமான். கொழும்புக்காரருக்கு ஒரு தனி எதிரி உண்டு, காற்றிலுள்ள ஈரம். மலைச்சப்பாத்தின் நடு அடி பெரும்பாலும் பொலியூரிதேன் நுரை. அது ஈரக்காற்றில் பாவிக்காமல் கிடந்தாலே சில வருடத்தில் உள்ளுக்குள் உக்கிவிடும். அலுமாரியில் புதிதுபோல இருக்கும், இரண்டாம் நாள் நடையில் அடி முழுதாகக் கழன்று வாய் பிளக்கும். வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்து ஐந்து வருடமாகப் பெட்டிக்குள் வைத்த சப்பாத்து என்றால் சந்தேகமே வேண்டாம். சோதனை இலகு. பெருவிரல் நகத்தால் நடு அடியை அழுத்துங்கள். நல்லது என்றால் அமுங்கி மீளும். கெட்டது என்றால் வெடிப்புத் தெரியும், பொடியாக உதிரும், அல்லது பிசுபிசுக்கும். பிறகு அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஐம்பது தடவை ஏறி இறங்குங்கள். கழலுவதானால் வெள்ளவத்தையிலேயே கழலட்டும். மழை ஜக்கெற்றின் உட்பூச்சுக்கும் இதே கதி. உட்புறம் ஒட்டினால், செதில் செதிலாக உரிந்தால், அது இனி மழைக்கு நிற்காது.

புதுச் சப்பாத்து வாங்குவதானால் மாலையில், தடித்த மேஸோடு (காலுறையோடு) போட்டுப் பாருங்கள். இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடிக்கக்கூடாது. இடித்தால் மூன்றாம் நாள் நகம் கறுத்துவிடும். ஜக்கெற்றுக்கும் பிளீஸுக்கும் பெரிய காசு செலவழிக்கவேண்டாம். வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு இங்கே தைத்து மிஞ்சும் உடுப்புகள் கொழும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். இறகு ஜக்கெற்றையும் உறக்கப்பையையும் காத்மண்டுவின் தமேல் கடைத்தெருவில் வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். இறகு ஒரு மூலையில் கட்டியாகி மற்ற இடம் வெறும் துணியாகத் தெரிந்தால் வேறு கேளுங்கள். சிப்பை மூன்றுமுறை இழுத்துப் பாருங்கள். பருத்தி உடுப்பு லொட்ஜில் படுக்க மட்டும். வியர்வையில் நனைந்த பருத்தி காயாது, நின்ற உடனே உடம்பைக் குளிர்த்திவிடும்.

சுமைக் கணக்கு ஓராளுக்கு இப்படி வரும். பை 1.8 கிலோ, உறக்கப்பை 1.5, உடுப்பு 2.5, இறகு ஜக்கெற் 0.5, மழை உடுப்பு 0.4, மருந்தும் சவர்க்காரமும் 0.7, ரோச்சும் பவர் பாங்கும் 0.5, கொறிக்கும் சாப்பாடு 0.8. மொத்தம் 8.7 கிலோ. இரண்டு லீற்றர் தண்ணீரோடு பதினொன்றுக்குக் கிட்ட. இதற்குமேல் போனால் எதையோ இரட்டையாக எடுத்திருக்கிறீர்கள். எட்டுப் பேர் குழுவில் எட்டுச் சித்தாலேபத் தைல டப்பி, எட்டு பனடோல் காட், ஆறு சார்ஜர் என்று சேருவது வழமை. புறப்படுவதற்கு முதல் ஞாயிறு எல்லாரும் ஒரு வீட்டில் கூடி, பைகளைத் தரையில் கொட்டி, பொதுச் சாமானைப் பிரித்து, தராசில் நிறுங்கள். மருந்துப் பெட்டி ஒன்று, தண்ணீர் வடிகட்டி இரண்டு, ஊசி நூல், பசை, அகலப் பிளாஸ்டர், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பக்கற் இருபது. இவை நாலு பைக்குள் பங்காகப் போகட்டும். எல்லாம் ஒருவரிடமே இருந்து அவர் முன்னால் ஓடிவிட்டால் பின்னால் வருபவருக்குக் கொப்புளத்துக்கு ஒட்டப் பிளாஸ்டர் இராது.

ஐம்பத்தொரு வயதுக்காரருக்கும் முழங்கால் நோகிறவர்களுக்கும் சுமையாள் ஒருவரை எடுப்பதில் வெட்கமில்லை. ஓராளுக்கு இருபது கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். அவருக்கு முகவர் காப்புறுதி எடுத்திருக்கிறாரா, குளிருக்கு உடுப்பும் தங்க இடமும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் காப்புறுதியிலும் சிறிய எழுத்தைப் படியுங்கள். பல பயணக் காப்புறுதிகள் ஒரு உயரத்துக்கு மேல் செல்லாது. 5,000 மீற்றர் வரை மலைநடையும் ஹெலிகொப்டர் மீட்பும் அடங்கும் என்று அதில் வெளிப்படையாக இருக்கவேண்டும்.

பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரம். காலிமுகத்திடலிலும் மரைன் டிரைவிலும் நடப்பது மனதுக்கு நல்லது, மலைக்கு உதவாது. ஏற்றமும் இறக்கமும் வேண்டும். பதினைந்து மாடி பிளட் ஒன்றில் பத்துமுறை படியேறினால் 450 மீற்றர் அளவு வரும். லிப்டில் இறங்காதீர்கள். தொடை நோவது இறக்கத்தில்தான். வாரம் மூன்று நாள், முதலில் வெறுங்கையோடு, ஐந்தாம் வாரத்திலிருந்து ஒன்றரை லீற்றர் தண்ணிப் போத்தல்களைப் பையில் ஒவ்வொன்றாகக் கூட்டி. கடைசி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு எல்லாரும் சேர்ந்து முழுச் சுமையோடு போங்கள். சனி ஹோட்டன் சமவெளியிலிருந்து கிரிகல்பொத்த சிகரம், போய்வர 14 கிலோமீற்றர் அளவு. ஞாயிறு இன்னொரு ஏற்றம். முதல் நாள் எல்லாரும் வீரர்தான், பிடித்துக்கொண்ட காலோடு இரண்டாம் நாள் நடப்பதே சோதனை. ஓகஸ்ட், செப்டெம்பரில் சிவனொளிபாதமலை போவதானால் யாத்திரைக்காலம் அல்ல, விளக்கும் கடையும் இராது, மழையும் காற்றும் இருக்கும். மழை உடுப்பைச் சோதிக்க அது உண்மையில் நல்ல காலம்.

நடையில் மெதுவானவர் இரண்டாவதாக, வழிகாட்டிக்குப் பின்னால். உதவி வழிகாட்டி எப்போதும் கடைசி. புறப்பட்டுக் கால்மணியில் ஒருமுறை நின்று மேலுடுப்பைக் கழற்றுங்கள், பிறகு ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை. பாதை பிரியும் இடங்களில் எட்டுத் தலையையும் எண்ணாமல் நகரக்கூடாது. கோவேறு கழுதைக் கூட்டம் வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்து ஆளைத் தள்ளிவிடும். தொங்குபாலத்தில் அவை கடந்தபின் ஏறுங்கள். மந்திரம் பொறித்த கற்சுவர் வந்தால் அது உங்கள் வலப்பக்கம் வரும்படி இடதுபுறமாகப் போவது அவ்வூர் வழக்கம். லாங்டாங் கிராமத்துக்குச் சற்று முன் பெரிய கற்பரப்பொன்றைக் கடப்பீர்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் பனியும் பாறையும் சரிந்து பழைய ஊரை மூடிய இடம் அது. அங்கே நின்று செல்பி எடுக்கும் கூட்டமாக இருக்கவேண்டாம்.

சாப்பாட்டில் எட்டுப் பேரும் எட்டு விதம் கேட்டால் ஒரே அடுப்புள்ள லொட்ஜில் இரண்டு மணித்தியாலம் போகும். பருப்பும் சோறுமான தால்பாத் சொல்லுங்கள். கேட்டால் மறுபடி போடுவார்கள், நமக்கும் பழகின சாப்பாடு. இறைச்சி வேண்டாம், குளிர்பெட்டி இல்லாமல் நாட்கணக்கில் சுமந்து வருவது. பையில் கித்துள் பனங்கட்டி, எள்ளுருண்டை, கச்சான், கிறீம் கிறக்கர், சமபோஷ. பசி செத்துப்போகும் உயரத்தில் வாயில் போட இனிப்பே உதவும். தண்ணீர் வடிகட்டியை இரவில் உறக்கப்பைக்குள் வையுங்கள். உள்ளே தண்ணீர் உறைந்தால் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்க்கத் தெரியாது, பிறகு வயிற்றோட்டம் வந்துதான் தெரியும்.

சில்லறை விஷயம் சில. சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் அந்த வருடத்தின் முதல் பயணத்துக்கு முப்பது நாள் விசா இலவசம், பூங்காக் கட்டணமும் குறைவு. முகவர் மற்ற வெளிநாட்டவர் கட்டணத்தைப் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். டொலர் கொண்டுபோய்க் காத்மண்டுவிலேயே நேபாள ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குக்குள் ஏ.டி.எம். இல்லை. பவர் பாங் கைப்பையில் மட்டும். நம் ஊர்ச் சதுரமுள் பிளக் அங்கே போகாது, வட்டமுள் அடப்டர் எடுங்கள்.

இனாம் காசை எட்டுப் பேரும் சேர்த்து ஸியாப்ருபேசியில் கடைசி இரவு கொடுங்கள். வழிகாட்டி, உதவியாளர், சுமையாள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறையில், அவரவர் கையிலேயே. எல்லாவற்றையும் ஒருவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் சுமையாளின் பங்கு குறையக்கூடும்.